ஆழ்வானைப் பிரிந்த எம்பெருமானார்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தை மாதத்து ஹஸ்தம் கூரத்தாழ்வானுடைய திருநக்ஷத்ரம். ஆண்டுதோறும் இந்நாளையொட்டி அவருடைய செல்வத் துறவும், வித்வத்தும், கண்ணிழந்த வைபவமும் பல பத்திரிகைகளில் விரிவாக எழுதப்படுகின்றன. அடியேன் இக்கட்டுரையில் அவற்றைத் தொட்டுச் சென்று வேறொரு விஷயத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். ஆழ்வானுக்கும் எம்பெருமானாருக்கும் இடையே இருந்தது ஆசார்ய சிஷ்ய ஸம்பந்தம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஸம்பந்தத்துக்குள்ளேயே ஒரு தோழமையும் குடியிருந்தது. வயதில் ஆழ்வான் உடையவரினும் மூத்தவர் என்பது குருபரம்பரைக் கணக்கு. ஆழ்வான் தம்மைச் சிஷ்யராகவே எண்ணினார். உடையவரோ அவரைத் தம்மோடொத்தவராகவே நடத்தினார். இந்த இருவரில் ஒருவர் முன்னே சென்றபோது மற்றவர் பட்டது என்ன என்பதே இங்குப் பேச எடுத்துக்கொண்டது.

நம்மிடையே துக்கம் விசாரிக்கச் செல்பவர்கள், போனவர் திருநாடு அலங்கரித்தார், அழலாகாது என்று சொல்லித் தேற்றுவது வழக்கம். சொல்வது சாஸ்திரத்துக்கு விரோதமன்று. ஆயினும் கேட்பவர் உள்ளம் அதனால் அடங்குவதில்லை. சரணாகதி சாஸ்திரத்தை உலகுக்கெல்லாம் உபதேசித்தருளிய உடையவரே ஆழ்வான் விஷயத்தில் கண்ணீர் பெருக்கினார் என்பதை நினைத்துப் பார்த்தால், அழலாகாது என்று சொல்வதற்கு நாம் யார் என்று தோன்றும்.

காஞ்சிக்கு அருகில் உள்ள கூரம் என்னும் ஊரில், ஹாரீத கோத்திரத்தில், பெருஞ்செல்வர் குடியில் ஆழ்வான் அவதரித்தார். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவருடைய திருநாமம். (பரமேசுவரவர்ம பல்லவனுடைய செப்பேடு கிடைத்த கூரமும் இதுவே. சரித்திரத்தில் ஈடுபாடுடையவர்கள் அதனாலும் இவ்வூரை அறிவர்.) அவருடைய மாளிகையில் பகல் முழுதும் அன்னமிடுதல் நடக்கும், இரவு வெகுநேரம் சென்றபின் கதவடைப்பர். அந்தப் பெருங்கதவின் மணியோசை காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதி வரையில் கேட்டதென்றும், பெருந்தேவித் தாயார் அது என்ன ஓசை என்று கேட்டருளியதாகத் திருக்கச்சி நம்பிகள் வாயிலாகச் செய்தி வந்ததென்றும் பெரியோர் அருளிச்செய்வர். வேறொருவராயின் தம் பெருமை கோயில் வரையில் எட்டியதென்று மகிழ்ந்திருப்பர். ஆழ்வானோ நாணினார். பிராட்டியின் திருச்செவியில் தம் செல்வத்தின் ஆரவாரம் விழுந்ததே என்று வருந்தி, உள்ளதனைத்தையும் துறந்து, தேவிகளான ஆண்டாளோடு நடந்தே திருவரங்கம் புறப்பட்டார். வழியில் காட்டைக் கடக்கும்போது ஆண்டாள் அஞ்சினார். ஆழ்வான் அமுது செய்வதற்கென்று ஒரு பொன் வட்டிலை அவர் மடியில் மறைத்துக்கொண்டு வந்திருந்தார். அதை வாங்கி எறிந்துவிட்டு, இனி அஞ்சவேண்டுவது ஒன்றுமில்லை என்று கூறி ஆழ்வான் மேலே நடந்தார்.

இவ்வளவும் எதற்காக? உடையவர் திருவரங்கத்தில் இருக்கிறார், அவர் திருவடிகளில் இருக்கவேண்டும் என்பதற்காக. உடையவர் ஸந்யாஸம் மேற்கொண்டபோதும் முதலியாண்டானையும் ஆழ்வானையும் தாம் துறக்கவில்லை என்று கருதினார் என்றும், ஆண்டானைத் தமக்குத் திரிதண்டமாகவும் ஆழ்வானைப் பவித்திரமாகவும் கொண்டார் என்றும் சொல்வது நம் ஸம்ப்ரதாயம். துறவிக்கு இவ்விரண்டும் உடம்பை விட்டுப் பிரியாதவை.

திருவரங்கத்தில் ஆழ்வானுடைய வாழ்க்கை உஞ்சவிருத்தியால் நடந்தது. மழை விடாது பெய்த ஒருநாள் பிக்ஷைக்குச் செல்ல முடியாமல் இருவரும் பட்டினி கிடந்ததும், அரவணைத் தளிகையின் மணியோசை கேட்டு ஆண்டாள் மனத்துக்குள் நினைத்த நினைவுக்குப் பெரிய பெருமாள் பிரஸாதம் அனுப்பியதும், அந்தப் பிரஸாதத்தின் பலனாகப் பராசர பட்டரும் வேதவியாச பட்டரும் அவதரித்ததும் எல்லாரும் அறிந்தவை. அக்குழந்தைகளுக்கு எம்பார் மூலம் த்வயம் அருளச்செய்து திருநாமம் சாற்றியவர் உடையவரே. ஆளவந்தாருடைய மனக்குறைகளுள் ஒன்று அந்தத் திருநாமத்தால் தீர்ந்தது. ஆழ்வானுடைய இல்லத்தில் நடந்த எதுவும் உடையவருக்குப் புறம்பாக நடக்கவில்லை.

திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற சரமச்லோகார்த்தத்தை ஆழ்வானுக்கு அருள உடையவர் திருவுள்ளங்கொண்டபோது, ஓராண்டு பணிவிடை செய்தவருக்கே சொல்லவேண்டும் என்ற நியமம் குறுக்கே நின்றது. ஓராண்டு இவ்வுடல் இருக்கும் என்பதற்கு உறுதி என்ன என்று ஆழ்வான் கேட்டார். ஒரு மாத உபவாசம் அதற்கு ஈடாகும் என்று அறிந்து, மடத்து வாசலிலேயே கிடந்து உபவாசமிருந்து அவ்வர்த்தத்தைப் பெற்றார். அமுதனார் கைவசமிருந்த பெரிய கோயில் நிர்வாகத்தை உடையவர் திருவடிகளில் சேர்ப்பித்தவரும் ஆழ்வானே. அமுதனார் தம் தாயாருக்காகச் செய்த ஏகாஹத்தில் அமர்வதற்கு வேறெவரும் இசையாதபோது, ஆழ்வான் அமர்ந்து, தமக்கு வேண்டிய தக்ஷிணையாகக் கோயிலையே கேட்டு வாங்கினார். அமுதனார் பின்பு ஆழ்வானுக்கே சிஷ்யரானார்.

போதாயன விருத்தியைத் தேடிக் காச்மீரம் சென்றபோதும் ஆழ்வான் உடன் சென்றார். கிடைத்த ஸ்ரீகோசத்தை அங்குள்ளோர் வழியில் பறித்துக்கொண்டு போயினர். உடையவர் சோர்ந்திருக்கையில், இரவுகளில் உடையவர் கண்வளர்ந்தபின் தாம் அதனை முழுதும் படித்து நெஞ்சில் பதித்துவிட்டதை ஆழ்வான் விண்ணப்பித்தார். ஸ்ரீபாஷ்யம் அருளும்போது எழுதுபவராக அவரையே உடையவர் நியமித்தார். தாம் சொல்வது போதாயனர் கருத்துக்கு மாறுபட்டால் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

இங்கே நடந்த ஒரு சம்பவம் இவ்விருவருடைய உறவின் தன்மையை நன்கு காட்டும். ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைப் பேசுமிடத்தில் அறிவுடைமையை மட்டும் சொல்லி உடையவர் மேலே சென்றார். ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. எம்பெருமானுக்கே உரியவன் என்னும் சேஷத்வத்தைச் சொல்லாமல் ஜீவனை வரையறுப்பது அவர் நெஞ்சுக்கு ஒவ்வவில்லை. உடையவர் சினந்து, அப்படியாயின் நீரே பாஷ்யம் இட்டுக்கொள்ளும் என்ற கருத்துப்பட மொழிந்து, அவரைத் தள்ளிவிட்டு எழுந்து சென்றார். ஆழ்வான் கிடந்த இடத்தை விட்டு அசையவில்லை. பார்த்தவர்கள் அவரிடம் இரங்கிக் கேட்டபோது, உடைமையை உடையவன் எப்படியும் வைத்துக்கொள்ளலாம், அதில் உடைமைக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்ற அளவில் விடையளித்தார். சற்றே கழித்து உடையவர் தம் சொல்லை ஆராய்ந்து, ஆழ்வான் நிறுத்தியதே சரி என்று தெளிந்து, திரும்பி வந்து அவரைக் கைக்கொண்டார். பாஷ்யம் தொடர்ந்தது.

குருவுக்கு எதிரே வாய் திறந்து மறுக்காமல், அதே சமயம் குருவுக்காகப் பிழையொன்றையும் எழுதிக்கொடுக்காமல் இருப்பது எளிதன்று. சொன்னதற்கெல்லாம் இசைபவர் பலர் கிடைப்பர். எழுத்தாணியை நிறுத்துபவர் ஒருவர் கிடைப்பது அரிது. அத்தகையவரை இழந்தால் அந்த இடம் மற்றொருவரால் நிரம்புவதில்லை.

ஆழ்வானுடைய நெஞ்சின் மென்மையைக் காட்டும் இரண்டு செய்திகளைத் திருவாய்மொழி வ்யாக்யானம் வழியே நாம் அறிகிறோம். பாம்பின் வாயில் அகப்பட்ட தவளை ஒன்று கத்தியதைக் கேட்டு, இது யாரை நினைத்துக் கூப்பிடுகிறதோ என்று எண்ணி அவர் மயங்கிவிழுந்தார். மற்றொரு நாள், ஐந்தாம் பத்தில் க்ருஷ்ணாவதாரத்தில் ஆழ்வார் உருகிக் கரையும் பத்தாந்திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லத் தொடங்கியவர் சொல்ல மாட்டாமல் கண்ணீர் விட்டு அத்தோடு நிறுத்திவிட்டார். இப்படிப்பட்டவருக்கு நேர்ந்ததே சோழன் அவையில் நேர்ந்த துன்பம்.

அந்தச் சோழன் எவன் என்பதில் சரித்திர ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குருபரம்பரை அவனைக் கிருமிகண்டன் என்று குறிக்கிறது. தன் ஸமயக் கொள்கைக்கு அனைவரும் கைச்சாத்திடவேண்டும் என்று அவன் வற்புறுத்தினான். மற்றவர் கையெழுத்தால் பயனில்லை, இராமானுசரும் கூரத்தாழ்வானும் இட்டால்தான் நிலைநிற்கும் என்று அமைச்சன் நாலூரான் எடுத்துக்கொடுத்தான். இந்த நாலூரான் ஆழ்வானுடைய சிஷ்யனே என்பதையும் சொல்லவேண்டும். சேவகர்கள் திருவரங்கத்துக்கு வந்தனர். அப்போது உடையவர் நீராடச் சென்றிருந்தார். ஆழ்வான் உடையவருடைய காஷாயத்தை உடுத்து, திரிதண்டத்தைக் கையில் கொண்டு, தாமே இராமானுசர் என்று சேவகர்களோடு சென்றார். பெரிய நம்பிகளும் அவருடன் எழுந்தருளினார். நம்பிகளின் திருமகளார் அத்துழாயும் உடன் சென்றார்.

உடையவர் நீராடி வந்தபோது காஷாயமும் இல்லை, ஆழ்வானும் இல்லை. அங்கிருந்தது ஆழ்வானுடைய வெள்ளை வஸ்திரம். அதை உடுத்துக்கொண்டு, மற்ற சிஷ்யர்கள் வேண்டிக்கொண்டபடி அவர் மேல்நாடு நோக்கிப் புறப்பட்டார். ஸ்ரீபெரும்பூதூரில் இன்றும் உத்ஸவத்தில் உடையவருக்கு வெள்ளை சாற்றுப்படி நடப்பதைச் சேவித்தவர்கள், அது எந்த நாளின் நினைவு என்பதை அறிவார்கள். காவியுடுத்தவருக்கு அன்று ஒருநாள் வெள்ளை அழகாய் இருக்கிறது என்று நாம் சேவித்துவிட்டு வருகிறோம். அந்த வெள்ளை ஆழ்வானுடையது. தோழன் தம் பொருட்டு உயிரைப் பணயம் வைத்துச் சென்றிருக்க, அவர் விட்டுச்சென்ற ஆடையை உடுத்துக்கொண்டு காடும் மலையும் கடந்து நடந்தவருடைய திருவுள்ளம் எப்படி இருந்திருக்கும்? விடைபெறுவதற்கு ஒரு கணமும் கிடைக்காத பிரிவு அது.

அவையில் நடந்ததைச் சுருங்கச் சொல்லுகிறேன். ஆழ்வான் வாதித்தார், சாஸ்திர வாக்கியங்களை எடுத்துக் காட்டினார். அரசன் கேட்கும் நிலையில் இல்லை. கையெழுத்திட நீட்டிய ஓலையில், அதில் கண்ட சொல்லுக்கு முகத்தலளவை என்ற பொருளும் உண்டாதலால், அதனினும் பெரிய அளவை ஒன்று உண்டென்று சிலேடையாக எழுதிக் கொடுத்தார். அரசன் கண்களைப் பறிக்க ஆணையிட்டான். இவனைக் கண்ட கண்கள் இனி வேண்டா என்று ஆழ்வான் தாமே தம் கண்களைப் போக்கிக்கொண்டார். பெரிய நம்பிகளின் கண்களைச் சேவகர்கள் பறித்தனர். அப்போது நம்பிகளுக்குத் திருநக்ஷத்ரம் 105. திருவரங்கம் திரும்பும் வழியிலேயே, ஆழ்வான் மடியில் திருமுடியை வைத்தபடி, நம்பிகள் பரமபதித்தார்.

கண்ணிழந்து, ஆசார்யனுடைய ஆசார்யனையும் வழியில் பறிகொடுத்து, ஆழ்வான் திருவரங்கத்துக்கு வந்து சேர்ந்தார். பெரிய பெருமாளைச் சேவிக்கச் சென்றவரை வாசல் காப்போன் தடுத்தான். இராமானுச ஸம்பந்தமுடையார் எவரையும் உள்ளே விடலாகாது என்பது அரசாணை. உடனிருந்த மற்றொருவன் இரக்கப்பட்டு, இவர் நற்குணமுடையவர், எவருக்கும் தீங்கு நினையாதவர், இவரை விடலாம் என்றான். ஆழ்வானுக்கு வேண்டியது அந்தப் பெருமாள்தான். உள்ளே நாலடி வைத்தால் அவன் ஸந்நிதி. ஆனால் அந்த நாலடியை வைக்க அவர் இசையவில்லை. எம்பெருமானார் ஸம்பந்தம் இல்லாதவர் என்ற கணக்கில் கிடைக்கும் பெருமாள் ஸேவை தமக்கு வேண்டா என்று திரும்பிவிட்டார். தம் குணங்களே எம்பெருமானாரிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டுமாயின் அக்குணங்கள் குற்றமே என்பது அவர் எண்ணம். கண்கள் போனபோது அவர் இவ்வளவு துடித்ததாகப் பெரியோர் சொல்வதில்லை.

பின்பு குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலைக்குச் சென்று தங்கினார். அங்கே அருளிச்செய்ததே ஸுந்தரபாஹு ஸ்தவம். 132 சுலோகங்கள். அழகருடைய திருமேனியை, கண்ணில்லாதவர், கண்ணுடையோர் கண்டதினும் நுட்பமாகப் பாடியிருப்பது ஒரு வியப்பு. அடியேனுக்கு அதனினும் பெரிய வியப்பு அந்த ஸ்தவத்தின் முடிவுப் பகுதி. அங்கே ஆழ்வான் ஒரு விண்ணப்பம் செய்கிறார். அடியேன் முப்பதாண்டுகளுக்கு மேல் வங்கியில் விண்ணப்பங்களைப் படித்தே காலம் கழித்தவன். ஒருவர் என்ன கேட்கிறார் என்பதைப் பார்த்தால் அவருக்கு எது குறைவு என்பது தெரிந்துவிடும். கண்ணிழந்தவர், ஊரிழந்தவர், கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர் அழகரிடம் கேட்டது கண்ணன்று. திருவரங்கத்தில், பழையபடி, ராமாநுஜருக்கு வசப்பட்டவராய் வாழவேண்டும் என்பதே அவர் கேட்டது. பழையபடி என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லை வடமொழியில் அவர் இட்டிருக்கும் இடத்தைச் சேவிக்கும்போதெல்லாம் மேலே செல்ல முடியாமல் நின்றுவிடுகிறேன். தோழமையை இழந்தவர் யாரும் புதிதாக எதையும் கேட்பதில்லை. பழையபடி இருந்தால் போதும் என்றே கேட்கிறார்கள்.

மறுபுறம் திருநாராயணபுரத்தில் உடையவர். பன்னிரண்டு ஆண்டுகள். அங்குக் கோயில் எழுந்தது, உத்ஸவங்கள் ஏற்பட்டன, பெருந்திரளாகச் சிஷ்யர்கள் சேர்ந்தனர். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அது வெற்றிகளின் காலம். ஆயினும் மாருதிச் சிறியாண்டானைத் திருவரங்கத்துச் செய்தி அறிந்துவர அனுப்பியதிலிருந்து அவர் திருவுள்ளம் எங்கிருந்தது என்பது விளங்குகிறது. சிறியாண்டான் கொணர்ந்த செய்திகளுள் பெரிய நம்பிகள் திருநாட்டுக்கு எழுந்தருளியதும், ஆழ்வான் கண்ணிழந்ததும், சோழன் மாண்டதும் இருந்தன. திரும்ப வழி பிறந்தது என்று கேட்ட அதே வாயிலிருந்து அத்திரும்புதலுக்குக் கொடுத்த விலையையும் உடையவர் கேட்கவேண்டியிருந்தது.

அவர் புறப்பட முனைந்தபோது திருநாராயணபுரத்து ஸ்ரீவைஷ்ணவர்கள் பிரிவாற்றாது தவித்தனர். அவர்களுக்காகத் தம் திருமேனி ஒன்றை எழுந்தருளப்பண்ணிக் கொடுத்துவிட்டுச் சென்றார். தமர் உகந்த திருமேனி என்று நாம் சேவிப்பது அதுவே. பிரிவுத் துயரை ஞானோபதேசத்தால் மட்டும் தீர்த்துவிடலாம் என்று உடையவர் கருதவில்லை. கண்ணால் காண ஒன்று வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். தமக்கென்று வந்தபோது அப்படியொரு திருமேனி அவருக்குக் கிடைக்கவில்லை.

திருவரங்கத்தில் இருவரும் சந்தித்தனர். ஆழ்வான் திருவடிகளில் விழுந்தார். உடையவர் எடுத்து அணைத்து, கண்ணும் கண்ணீருமாய், பேச்சு எழாமல் நின்றார். தரிசனத்துக்காகத் தரிசனத்தை இழந்தவரே என்று அவர் கலங்கியதாகப் பெரியோர் கூறுவர். ஸம்ப்ரதாயத்துக்கும் பார்வைக்கும் ஒரே சொல்லாய் அமைந்தது தமிழில் நமக்குக் கிடைத்த ஒரு கொடை. ஆழ்வானோ, எப்போதோ ஒரு பாகவதருடைய திருமண்காப்புக் கோணலாக இருக்கிறதென்று தாம் நினைத்திருக்கக்கூடும், அதன் பலனே இது என்று சொல்லி உடையவரைத் தேற்றினார். புண்பட்டவர் புண்படாதவரைத் தேற்றுவது நெருங்கியவர்களிடையே மட்டும் நடப்பது.

கேட்டதெல்லாம் தரும் தேவாதிராஜனைப் பாடிக் கண்களைப் பெறும்படி உடையவர் நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை அருளினார். வரதன் உகந்து என்ன வேண்டும் என்று கேட்க, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் கேட்டார். தமக்கு இத்துன்பம் வரக் காரணமான அதே நாலூரான். பேரருளாளனும் தந்தருளினான். இதைக் கேட்ட உடையவர் வருந்தினார் என்று சொல்லப்படுகிறது. ஆழ்வானின் பெருமை அவருக்குத் தெரியாததன்று. ஆனாலும் அவர் ஆசைப்பட்டது ஆழ்வானுடைய கண்களை. இரங்கத்தக்கவன் எவனுக்கோ அருள் போய்ச் சேர, தம் தோழர் தடவி நடப்பதைத் தாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்ததே என்ற வருத்தம் அது. எம்பெருமானையும் எம்பெருமானாரையும் மட்டும் அகக்கண்ணால் சேவிக்கும்படி வரதன் ஆழ்வானுக்கு அருளினான் என்பர். உலகத்தில் வேறெதையும் பார்க்க ஆழ்வானும் விரும்பவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் ஆழ்வான் தனியே பெரிய பெருமாள் ஸந்நிதிக்குச் சென்றார். பெருமாள் திருவுள்ளம் உகந்து வேண்டுவதைக் கேள் என்றருள, இவ்வுடலை விட்டுப் பரமபதம் வரவேண்டும் என்று விண்ணப்பித்தார். பெருமாள் இசைந்து, ஆழ்வானுக்கும் ஆழ்வானோடு ஸம்பந்தமுடையவர்க்கும் பேற்றை உறுதி செய்தருளினார்.

செய்தி உடையவருக்கு எட்டியது. அவர் முதலில் செய்தது தம் மேல்வஸ்திரத்தை எடுத்து ஆகாயத்தில் வீசி மகிழ்ந்தது. ஆழ்வான் ஸம்பந்தத்தால் தமக்கும் பேறு உறுதி என்று அவர் உகந்தார். சிஷ்யனுடைய ஸம்பந்தத்தால் ஆசார்யன் தமக்கு மோக்ஷம் என்று கூத்தாடிய இடம் நம் குருபரம்பரையில் இது ஒன்றாகவே இருக்கவேண்டும். அந்த உவகை அடங்கியபின்தான் மற்றது உறைத்தது. ஆழ்வான் போகப்போகிறார்.

உடனே ஆழ்வான் இருந்த இடத்துக்கு எழுந்தருளினார். தமக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிக் கேட்கலாமா என்றும், தமக்கு முன்னே போக நினைத்தது ஏன் என்றும் கேட்டார். இந்தக் கேள்வியில் ஓர் ஊடல் இருப்பதை மறைக்கவேண்டியதில்லை. முன்பு காஷாயத்தை உடுத்துச் சென்றபோதும் ஆழ்வான் கேட்டுக்கொண்டு செல்லவில்லை. இப்போதும் கேட்கவில்லை. தம் நலத்துக்குரிய எல்லாவற்றிலும் உடையவர் நியமனத்தையே நோக்கியிருந்த ஆழ்வான், உயிரை விடும் விஷயத்தில் மட்டும் இருமுறையும் தாமே முடிவு செய்தார்.

ஆழ்வானுடைய விடை எல்லாரும் கேட்டிருக்கக்கூடியது. பரமபதத்தில் புதிதாக வருபவரை முன்னே சென்றவர்கள் எதிர்கொள்வது முறை. உடையவர் முன்னே எழுந்தருளித் தாம் பின்னே சென்றால், ஆசார்யன் சிஷ்யனை எதிர்கொள்ளும்படி ஆகிவிடும், அது முறைகேடு. தாம் முன்னே சென்று நின்று உடையவரை எதிர்கொள்ள வேண்டும் என்பதற்காகவே முந்திக்கொண்டதாக விண்ணப்பித்தார். அங்கே எல்லாரும் ஒத்தவரே, அங்கும் இந்த முறை பார்ப்பதுண்டோ என்று உடையவர் கேட்டார். வாதத்துக்குப் பதில் வாதமாக இது தோன்றும். ஆனால் இப்படி ஒன்றைக் கேட்டு ஒன்றைச் சொல்லிக் கொண்டிருக்கும் வரையில் ஆழ்வான் எதிரே இருக்கிறாரே என்பதற்காகவே உடையவர் பேச்சை நீட்டினார் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. மருத்துவமனைப் படுக்கையருகே அமர்ந்து, வேண்டாததையெல்லாம் விசாரித்துக் கொண்டிருந்தவர்களுக்கு இது புரியும்.

அடியேனுக்கும் அப்படி ஒரு மாலை உண்டு. ஒரே கிளையில் அடுத்தடுத்த மேசைகளில் பணிபுரிந்து, ஓய்வுக்குப் பின் ஒரே காலக்ஷேப கோஷ்டியில் அடுத்தடுத்து அமர்ந்த ஒருவர். கடைசி நாளில் நாங்கள் பேசியது ஓய்வூதியச் சான்றிதழைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான். அவர் போனபின் கோஷ்டியில் அந்த மணை பல நாட்கள் காலியாகவே இருந்தது. எவரும் அமரவேண்டாம் என்று சொல்லவில்லை, எவரும் அமரவுமில்லை.

உடையவர் ஆழ்வானை அணைத்துக்கொண்டார். பிரிந்து எப்படித் தரிப்பேன் என்று உருகினார். பின்பு தம்மைத் தாமே நிலைநிறுத்திக்கொண்டு, ஆழ்வானுடைய செவியில் த்வயத்தை அருளினார். மாஸோபவாஸம் இருந்து ரஹஸ்யார்த்தத்தைப் பெற்ற செவி அது. எத்தனையோ ஆயிரம் முறை அநுஸந்தித்த மந்த்ரத்தை ஆழ்வானுக்குப் புதிதாக உபதேசிக்க வேண்டிய தேவை என்ன? கொடுப்பதற்கு உடையவரிடம் அப்போது வேறொன்றும் இல்லை. ஆழ்வான் திருவடிகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, ஸ்ரீபாத தீர்த்தம் பெற்று, விடைகொண்டார். தம் திருக்குமாரர்களை அழைத்து, பெருமாளும் பிராட்டியுமே உங்களுக்குத் தாய்தந்தையர், எம்பெருமானார் திருவடிகளே தஞ்சம் என்று உணர்த்தி, ஆசார்யன் திருவடிகளை நினைத்தபடியே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

முதல் பிரிவில் விடைபெறக் கணமும் கிடைக்கவில்லை. இரண்டாம் பிரிவில் கிடைத்தது. அதனால் துயரம் குறைந்ததா என்றால், குறைந்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. ஆழ்வானைப் பறிகொடுத்த உடையவர் கண்ணீர் சொரிந்தார். ஆனால் அக்கண்ணீரோடேயே செய்யவேண்டியவற்றைச் செய்வித்தார். துயரத்தில் ஆழ்ந்திருந்த பட்டரைத் தேற்றி, ஆழ்வானுக்குரிய சரம கைங்கர்யங்களை முறைப்படி நடத்துவித்தார். பின்பு பட்டரை அழைத்துக்கொண்டு பெருமாள் ஸந்நிதிக்குச் சென்றார். தந்தையை இழந்தோம் என்று எண்ணாதே, நாமிருக்கிறோம் என்று நம்பெருமாள் பட்டருக்கு அருளினார். பிள்ளைப் பருவத்திலேயே பெரிய பெருமாள் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டவரல்லவா பட்டர்!

பட்டர் சிறுவராயிருந்தபோது, எட்டாம் பத்தில் ஆழ்வார் அடியார்களைச் சிறியரும் பெரியருமாக ஒரே மூச்சில் சொல்வது எப்படிப் பொருந்தும் என்று தந்தையைக் கேட்டாராம். திருமேனியில் சிறுத்தும் மகிமையில் பெருத்தும் இருக்கும் பெரியோர்களைக் காட்டி ஆழ்வான் விளக்கினார். இப்போது கேள்வி கேட்க அந்தத் தந்தை இல்லை. உடையவர் பட்டரைத் தம்மருகில் இருத்திக்கொண்டார். தமக்குப் பின் தரிசனத்தைப் பட்டரே நடத்தவேண்டும் என்று நியமித்தார். பட்டருடைய வித்வத்தில் உடையவர் ஆழ்வானையே கண்டார் என்று சொல்வது மிகையாகாது.

ஆழ்வானின் சிஷ்யரான அமுதனார் உடையவரைக் குறித்து அருளிய நூற்றந்தாதியை ப்ரபந்ந காயத்ரி என்று நாம் நாள்தோறும் அநுஸந்திக்கிறோம். அதன் ஏழாம் பாசுரம் ஆழ்வானைப் பற்றியது. குடிப்பிறப்பு, செல்வம், கல்வி என்னும் மூன்றால் வரும் செருக்கைக் கடந்தவர், சொல்லுக்கு அடங்காத புகழுடையவர் என்று அமுதனார் தம் ஆசார்யனைப் போற்றுகிறார். உடையவர் முன்னிலையில் அந்தப் ப்ரபந்தம் சேவிக்கப்படும்போதெல்லாம், ஆறு பாசுரங்கள் தம்மைப் பற்றிக் கேட்டபின், ஏழாவதில் உடையவர் ஆழ்வானைக் கேட்கிறார்.

அடியேன்
ராமாநுஜதாஸன்